அன்றாட வாழ்க்கையின் விநோதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லோருக்கும் நேர்ந்தும் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளாத சின்னஞ்சிறு விநோதங்களைப் பற்றியே நான் நகைச்சுவையாகத் தொடர்ந்து எழுதிவருகிறேன். வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது?" என்ற வருத்தத்தோடுதான் தொடங்குகின்றன. இவற்றில் எதுவும் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. பலவற்றை அறிவியலாளர்கள் அக்கறையோடு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் நிற்கும் வரிசை மட்டும் நகர மறுப்பது ஏன்? வேறு வரிசைக்கு மாறினால் பழைய வரிசை ஓடத் தொடங்குகிறதே!

மூன்று கவுன்ட்டர்களுக்கு முன்னால் மூன்று வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே நீளம். பணியாளர்களின் வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் வரிசை மற்ற இரண்டையும் முந்துவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. மீதி இரண்டு பங்கில், வலப்பக்கமோ இடப்பக்கமோ யாராவது ஒருவர் உங்களுக்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பத்தான் செய்வார். வரிசை மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகமாக நகர்ந்த வரிசையில் நின்ற நாள்கள் நம் நினைவில் தங்குவதும் இல்லை. அன்றைக்குப் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்ப்பதற்கே நமக்கு நேரம் கிடைத்திருக்காது.

சாலை நெரிசலிலும் இதே மனக்குறை உண்டு. பக்கத்துத் தடத்து வாகனங்களே எப்போதும் வேகமாகப் போவதுபோல் தோன்றுவது ஏன் என்பதை டொனால்ட் ரெடெல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி ஆகிய இருவரும் 1999-ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் விளக்கினார்கள். நாம் மற்றவர்களை முந்தும்போது அவர்கள் மெதுவாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் சில நொடிகளிலேயே பல வாகனங்களைக் கடந்துவிடுகிறோம். அவர்கள் நம்மை முந்தும்போதோ இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். அதே எண்ணிக்கையிலான வாகனங்கள் கடந்து முடிக்க வெகுநேரம் பிடிக்கிறது. ஆகவே இரண்டு தடங்களின் சராசரி வேகம் ஒன்றாகவே இருந்தாலும், நாம் முந்திச் செல்லும் நேரத்தைவிட முந்தப்படும் நேரம் அதிகம். போதாக்குறைக்கு, நாம் முந்திய வாகனம் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நம்மை முந்திய வாகனம் வெகுதூரம்வரை கண்ணெதிரிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

எல்லாக் கவுன்ட்டர்களுக்கும் சேர்த்து ஒரே வரிசையை அமைக்கும் இடங்களில் இந்த மனத்தாங்கல் எழுவதில்லை. முதலில் வந்தவர் முதலில் போகிறார். ஏங்கிப் பார்ப்பதற்குப் பக்கத்து வரிசை என்று ஒன்று கிடையாது. பார்வைக்கு நீளமாகத் தெரிந்தாலும் அதுவே நியாயமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"கொஞ்சம் வழி விடுங்கள்" என்று கேட்டு முந்திச் செல்பவருக்கு நாம் ஏன் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கிறோம்?

அவர் ஒரு காரணம் சொல்கிறார் என்பதற்காகத்தான். அந்தக் காரணம் என்ன என்று நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 1978-இல் வெளிவந்தது. "5 பக்கங்கள் இருக்கின்றன, நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று மட்டும் கேட்டபோது 60 விழுக்காட்டினர் இடம் கொடுத்தார்கள். "அவசரமாகப் போக வேண்டும்" என்ற காரணத்தையும் சேர்த்துக் கேட்டபோது அது 94 விழுக்காடாக உயர்ந்தது. விநோதம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டபோதும் 93 விழுக்காட்டினர் இடம் கொடுத்துவிட்டார்கள். நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் வேறு எதற்காகத்தான் ஒருவர் நிற்பார்!

இதை மனிதர்களின் ஏமாளித்தனம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. சின்ன உதவியென்றால் காரணத்தைத் துருவிப் பார்க்காமல் செய்துவிடும் நல்ல மனம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதே சோதனையில் 5 பக்கங்களை 20 பக்கங்களாக்கிக் கேட்டபோது வெற்றுக் காரணம் எடுபடவில்லை; உண்மையான அவசரத்தைச் சொன்னவர்களுக்கு மட்டுமே கூடுதலாக இடம் கிடைத்தது. பெரிய உதவி என்றவுடன் மனம் விழித்துக்கொள்கிறது.

வெகுநேரம் ஒரு பேருந்தும் வராமல் இருந்துவிட்டு, பிறகு இரண்டு பேருந்துகள் ஒன்றாக வருவது ஏன்?

ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருவதில்லை. முன்னால் செல்லும் பேருந்து ஏதோ ஒரு காரணத்தால் சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் அதிகமாகச் சேர்கிறது; அத்தனை பேரும் ஏற நேரமாவதால் தாமதம் மேலும் கூடுகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றிக்கொள்ள ஆளே இல்லை. அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடுகிறது. தொடக்கத்தில் அரை நிமிடமாக இருந்த தடங்கல், வழித்தடத்தின் கடைசியில் இரட்டைப் பேருந்தாகக் காட்சி தருகிறது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 10 நிமிடங்களுக்கு ஒரு பேருந்து ஒழுங்காக வந்தால், எப்போதோ நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 5 நிமிடங்கள் காத்திருப்பார். இடைவெளி ஒருமுறை 5 நிமிடங்களும் மறுமுறை 15 நிமிடங்களுமாக மாறிமாறி அமைந்தால், சராசரி இடைவெளி அதே 10 நிமிடங்கள்தான். ஆனால் நீங்கள் வந்து சேரும் தருணம் நீண்ட இடைவெளிக்குள் விழுவதற்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே சராசரிக் காத்திருப்பு ஆறேகால் நிமிடங்களாகிவிடுகிறது. இரண்டு பேருந்துகளும் எப்போதும் ஒட்டிக்கொண்டே வந்தால் அது 10 நிமிடங்கள். அலுவலகப் பதிவேட்டின்படி பேருந்துகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நிறுத்தத்தில் நிற்பவருடைய அலுப்பும் நியாயமானதாகவே இருக்கும். இரு தரப்பும் ஒரே நேரத்தில் உண்மை பேசுவதுதான் இதிலுள்ள அழகு.

துவைத்த துணிகளில் காலுறை எப்போதும் ஒற்றையாகவே மிஞ்சுவது ஏன்?

வாசகர்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுவே. பத்து ஜோடிக் காலுறைகளை வெவ்வேறு நிறங்களில் வைத்திருக்கிறீர்கள். முதலில் ஒன்று தொலைகிறது. எது தொலைந்தாலும் அதன் இணை தனியாகிவிடும். அதில் தப்பிக்க வழியே இல்லை. மீதி 19 காலுறைகள் இருக்கின்றன. அடுத்ததாகத் தொலைவது, ஏற்கெனவே தனியாகிவிட்ட அந்த ஒற்றையாகவே இருந்துவிட்டால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் அதற்கான வாய்ப்பு 19-இல் 1. மற்ற 18 வாய்ப்புகளிலும் இன்னொரு ஜோடி உடைகிறது.

இப்படியே மொத்தம் ஆறு காலுறைகள் தொலைந்துவிட்டதாகக் கொள்வோம். நல்வாய்ப்பாக அவை மூன்று முழு ஜோடிகளாக அமைந்தால் உங்களிடம் ஏழு ஜோடிகள் மிஞ்சும். மிக மோசமான வாய்ப்பில் ஆறும் ஆறு வெவ்வேறு ஜோடிகளைச் சேர்ந்தவையாக இருக்கும். நான்கு ஜோடிகளும் ஆறு ஒற்றைகளும் மிஞ்சும். முதல் வகை நிகழ்வதற்கு 120 வழிகள் உண்டு. இரண்டாவது வகைக்கு 13,440 வழிகள். அதாவது, மிக மோசமான முடிவு மிக நல்ல முடிவைவிட 112 மடங்கு எளிதில் நிகழக்கூடியது. ராபர்ட் மேத்யூஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1990-களில் இந்தக் கணக்கை முறையாகப் போட்டு வெளியிட்டார். சலவை இயந்திரத்தின் மீது பலருக்கும் இருக்கும் சந்தேகத்தை இந்தக் கணக்கு பெருமளவு தீர்த்துவைக்கிறது. காலுறை எங்கே போகிறது என்பது வேறு கேள்வி, ஆனால் போனது ஏன் ஒற்றையாகவே போகிறது என்பதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் காலுறைகளையும் ஒரே நிறத்தில் வாங்கிவிட்டால் அதிகபட்சம் ஒன்றுதான் துணையில்லாமல் நிற்கும். இந்த யோசனையைப் பின்பற்றிய வாசகர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

ஏதோ எடுப்பதற்காக அடுத்த அறைக்குப் போனால், எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. இது நோயின் அறிகுறியா?

தன்னளவில் இது எல்லா வயதினருக்கும் நேரும் சாதாரண மறதிதான். நாட்ரடாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் ராட்வான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் கல்லூரி மாணவர்களே ஒரு வாசலைக் கடந்தவுடன் கையில் கொண்டுவந்த பொருள் எது என்பதை மறந்தார்கள். அதே தொலைவை ஒரே அறைக்குள் நடந்தபோது அவ்வளவாக மறக்கவில்லை. வாசலைக் கடக்கும்போது மனம் பழைய அறையின் விவகாரத்தை முடித்துக் கட்டிவைத்துவிட்டு, புதிய அறைக்கான கணக்கைத் தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்த மறதியை நெருங்கிப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். உள்ளே வந்தவர் முதலில் அறையின் நடுவில் நிற்கிறார். பிறகு கைகளைப் பார்க்கிறார், அவை பதில் சொல்லும் என்பதுபோல. அடுத்து ஒரு அலமாரியைத் திறந்து, அதற்குள் இருப்பதையெல்லாம் நிதானமாகப் பார்வையிட்டு மூடுகிறார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், வந்ததற்கு அடையாளமாக ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். பழைய அறையில் கால் வைத்தவுடன் சில வேளை எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. போகும்போதே பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவது நல்ல பழக்கம். வீட்டில் உள்ளவர்கள் ஓரிரு நாள்களில் பழகிவிடுவார்கள்.

பையில் ஒழுங்காகச் சுருட்டி வைத்த இயர்போன் கம்பி தானாகச் சிக்கிக்கொள்வது எப்படி?

நீளமும் குலுக்கலும் சேர்ந்தால் முடிச்சு விழும் வாய்ப்பு அதிகம். டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு கயிற்றைப் பெட்டியில் போட்டு, பெட்டியைச் சுழற்றி, 3,415 முறை சோதித்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சுகள் விழுந்தன. 120 வகை முடிச்சுகளை அடையாளம் கண்டார்கள். 46 சென்டிமீட்டரைவிடக் குட்டையான கயிற்றில் மட்டும் முடிச்சே விழவில்லை. சிக்காமல் கிடப்பதற்குக் கம்பிக்கு ஒரு வழிதான். சிக்கிக்கொள்வதற்கு எத்தனையோ வழிகள்.

பதிவுசெய்த என் குரலைக் கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை. புகைப்படமும் அப்படித்தான். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. எலும்பு கனமான, தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால், நமக்கு நம் குரல் எப்போதும் சற்று ஆழமாகவே கேட்டு வந்திருக்கிறது. ஒலிப்பதிவில் அந்த ஆழம் காணாமல் போய்விடுகிறது. உங்கள் நண்பர்களோ தொடக்கத்திலிருந்தே அந்தக் குரலைத்தான் கேட்டு, அதனோடுதான் நட்பு கொண்டிருக்கிறார்கள்.

முகத்தின் கதையும் இதுதான். நாம் அன்றாடம் காண்பது கண்ணாடியில் இடம் வலமாக மாறிய முகம். 1977-இல் நடந்த ஓர் ஆய்வில், ஒரே புகைப்படத்தை நேராகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் காட்டியபோது, படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நண்பர்களில் பெரும்பாலோர் நேரான படத்தையும் விரும்பினார்கள். பழகிய முகமே அழகிய முகம். உங்களுக்கு ஒன்று பழக்கம், உங்களை நேசிப்பவர்களுக்கு இன்னொன்று பழக்கம்.

எதிரே வருபவருக்கு வழிவிட விலகினால் அவரும் அதே பக்கம் விலகுகிறார். பிறகு இருவரும் மறுபக்கம். இதற்கு முடிவே இல்லையா?

ஒரு நூலகத்தின் குறுகலான நடைவழியில் இதை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இருவர் கைகளிலும் புத்தகக் கட்டு. முதல் விலகலில் இருவரும் புன்னகைத்தார்கள். இரண்டாவது விலகலில் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாவதில் இருவரும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றுவிட்டார்கள். அதன் விளைவாக நான்காவது முறையும் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். கடைசியில் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று, மற்றவருக்குக் கையால் வழிகாட்டினார்.

நாம் ஒருவரோடொருவர் மோதாமல் நடப்பதற்குக் காரணம், எதிரே வருபவர் அடுத்து எங்கே கால் வைப்பார் என்பதை இருவருமே முன்கூட்டி ஊகித்துக்கொள்வதுதான். ஜப்பானில் ஹிசாஷி முராகாமியும் சகாக்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: எதிரெதிராக வந்த இரண்டு கூட்டங்களில், முன்வரிசையில் வந்த சிலரைக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னபோது, அவர்கள் மட்டுமன்றிக் கைப்பேசி இல்லாதவர்களும் தடுமாறினார்கள். ஊகிப்பது ஒருவர் மட்டும் செய்யக்கூடிய காரியம் அல்ல. நடைவழியில் நிகழும் அந்தச் சிறு நடனம், இருவரும் ஒரே அளவு மரியாதையோடும் ஒரே வேகத்தோடும் யோசிப்பதால் வருவது. ஒருவர் பிடிவாதக்காரராக இருந்தால் நடனத்துக்கு இடமே இல்லை. ஆகவே அதில் மாட்டிக்கொள்பவர்கள் இருவருமே நல்லவர்கள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

என் நண்பர்களுக்கெல்லாம் என்னைவிட அதிக நண்பர்கள் இருப்பதுபோல் தோன்றுகிறதே?

அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வருந்த வேண்டியதில்லை. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இல் இதை விளக்கினார். நான்கு பேர் கொண்ட ஒரு சிறு வட்டத்தில் ஒருவர் மட்டும் மற்ற மூவரோடும் பழகுகிறார். அந்த மூவரும் தங்களுக்குள் பழகுவதில்லை. மூவரில் ஒவ்வொருவருக்கும் ஒரே நண்பர், அந்த நண்பருக்கோ மூன்று நண்பர்கள். நான்கு பேரில் மூன்று பேர் தங்கள் நண்பரைவிடத் தாங்கள் தனிமையானவர்கள் என்றே எண்ணுவார்கள். பலரோடு பழகுகிறவர் பலருடைய பட்டியலிலும் இடம்பெறுகிறார் என்பதைத் தவிர இதில் வேறு இரகசியம் இல்லை.

ஒரு வேலை எப்போது முடியும் என்று நான் போடும் கணக்கு ஒருமுறைகூடப் பலிப்பதில்லை. ஏன்?

நாம் கணக்குப் போடும்போது வேலையை மட்டுமே நினைக்கிறோம். இடையில் வரும் காய்ச்சலையும் விருந்தாளியையும் காணாமல் போகும் சாவியையும் நினைப்பதில்லை. ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாள்களில் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் அவர்களிடம் கேட்கப்பட்டது, 48.6 நாள்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள்கள். மிக மோசமாகக் கற்பனை செய்தபோதும் அவர்கள் நம்பிக்கையோடுதான் இருந்திருக்கிறார்கள். சென்ற முறை இதே வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பார்த்து அதையே சொல்வதுதான் நம்பகமான வழி.

சட்டையில் கறையோடு ஒரு நாள் முழுவதும் திரிந்திருக்கிறேன். எல்லோரும் பார்த்திருப்பார்களே?

நீங்கள் நினைப்பதில் பாதிப் பேர்தான் பார்த்திருப்பார்கள். தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடகரின் படம் பெரிதாக அச்சிட்ட, அணியக் கூச்சப்படும்படியான டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. மற்றவர்கள் தங்கள் சட்டையின் கறையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

காரணத்தை இப்படி விளக்கிவிட்டால் நகைச்சுவை செத்துவிடாதா?

துணுக்கை விளக்கினால் அது சாகும்; வாழ்க்கையை விளக்கினால் அப்படி ஆவதில்லை. ஒற்றைக் காலுறையின் கணக்கைத் தெரிந்துகொண்டவர் அடுத்த முறை ஒற்றையைக் கையில் எடுக்கும்போது எரிச்சலுக்குப் பதிலாகப் புன்னகைக்கிறார் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர், கடைவீதிகளிலும் நடைபாதைகளிலும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பைக் கவனித்து, 1,200 சிரிப்புகளைப் பதிவுசெய்து 1993-இல் வெளியிட்டார். அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட வேடிக்கையான பேச்சுக்குப் பின் வந்தவை அல்ல. "சரி, பிறகு பார்ப்போம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுகளுக்கே மக்கள் சிரித்திருந்தார்கள். கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார் என்பதும் அவர் கண்டது. சிரிப்பு பெரும்பாலும் வேடிக்கையினால் அல்ல, பக்கத்தில் ஆள் இருப்பதனால் வருகிறது. எழுதும்போது நான் மனத்தில் வைத்துக்கொள்வது இதைத்தான்: வாசிப்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதுபோல் உணர வேண்டும்.

யாரையும் புண்படுத்தாமல் நகைச்சுவை எழுத முடியுமா?

முடியும். ஒருவருடைய உடல், ஏழ்மை, பேச்சுத் தடை ஆகியவற்றை நான் தொடுவதில்லை. அவை அவருக்கு மட்டும் உரியவை, மற்றவர்கள் அவரைத் தள்ளிநின்று பார்த்துச் சிரிக்க நேரும். வரிசையில் நிற்பது, மறப்பது, சிக்கெடுப்பது போன்றவை எல்லோருக்கும் பொது. அங்கே தள்ளிநிற்க யாருக்கும் இடமில்லை.

கொட்டாவியைப் பற்றி வாசித்தாலே கொட்டாவி வரும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. கொட்டாவியையும் புரோவைன் ஆராய்ந்திருக்கிறார். பிறர் விடுவதைப் பார்க்கவேண்டும் என்பதுகூட இல்லை. அதைப் பற்றி வாசிப்பதும் நினைப்பதுமே போதும். பிறரைப் பார்த்து விடும் பழக்கம் மிகச் சிறிய குழந்தைகளிடம் இருப்பதில்லை, சில வயது கடந்தபின்புதான் தொடங்குகிறது. மற்ற பதில்களை வாசகர்கள் விழிப்போடு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தேன். இப்போது உங்களுக்கு வந்தால் தாராளமாக விடலாம்.